இரண்டு பெரியநாயகிகள்

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் செராமிக்தான் ஞாபகம் வரும். கொலு பொம்மை, கார்த்திகை அகல் எல்லாம் இங்குள்ள சூளைகளிலிருந்து போகின்றன. மதங்களின் வரலாற்றைப் படிக்க வருபவருக்கும் இதைவிடத் தோதான ஊர் அமையாது.

பழமலைநாதர் கோயில் அம்பாள் பெரியநாயகி. கோணான்குப்பம் இங்கிருந்து தொலைவில்லை. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் அங்கே எழுப்பிய ஆலயத்தில் சேலை உடுத்தி நிற்கும் மாதாவுக்கும் பெயர் பெரியநாயகி. தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் மாசி மகத்துக்குக் கடலாடக் கிள்ளைக்குப் போகும்போது, அங்குள்ள முஸ்லிம்கள் வரவேற்று மரியாதை செய்கிறார்கள். பின்னாளில் சைவ நாயன்மாரான அப்பர் சமணராக வாழ்ந்த பாடலிபுத்திரமும் இதே கடலூர் மாவட்டத்தில்தான், இன்றைய திருப்பாதிரிப்புலியூர்.

எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பு, விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர். இந்த முருகனுக்கு உருவமில்லை, பலிபீடம்தான் மூர்த்தம். கடன் திரும்பவில்லையா, நகை களவு போனதா? வெள்ளைத்தாளில் குறையை எழுதி, சாமி முன் வைத்து, கட்டணம் செலுத்தி, அங்குள்ள முனியப்பர் சன்னதி வேலில் கட்டுகிறார்கள். இதுதான் பிராது. சொந்த ஊர் எத்தனை தூரமோ அதற்கேற்ற படிப்பணமும் உண்டு. 90 நாளில் தீரும் என்பது நம்பிக்கை. தீர்ந்ததும் திரும்பி வந்து பிராதை ராஜினாமா செய்துவிட வேண்டும்! கோர்ட்டு கச்சேரி நடைமுறை அப்படியே சன்னதிக்குள் வந்திருக்கிறது. எப்போது வந்தது, யார் கொண்டுவந்தது? வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய கேள்வி இது. முருகன் தீர்ப்பது நிஜமா என்பதல்ல.

இப்படிக் கேட்பது புதிதல்ல. மதங்களை ஒப்பிட்டுப் படிப்பதும் ஓர் அறிவுத்துறையே என்று அறிஞர் மாக்ஸ் முல்லர் லண்டனில் உரையாற்றியது 1870இல். பாட்டியாலா பஞ்சாபிப் பல்கலைக்கழகம் 1960களிலேயே சமய ஆய்வுக்குத் தனித்துறை கண்டது. சென்னைப் பல்கலைக்கழகத்திலோ சைவ சித்தாந்தம், வைணவம், சமணம், கிறித்தவம், இஸ்லாம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு துறை. ஆழமாகப் படிக்க அது நல்லதுதான். ஆனால் கோணான்குப்பம் மாதாவை எந்தத் துறையில் படிப்பது? கிறித்தவத் துறையில் மட்டும் என்றால் பாதிக் கதை போய்விடும். கிள்ளைக்குப் போகும் பெருமாளுக்கும் இதே சங்கடம்தான்.

முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. விருத்தாசலத்தில் அறை எடுத்துத் தங்குங்கள். பிராது எழுதுபவர்களின் பெயரை மறைத்து, குறைகளை மட்டும் ஆண்டுவாரியாகக் குறித்து வாருங்கள். நெறியாளர்களாக இரண்டு துறைகளிலிருந்து துறைக்கொருவரைக் கேளுங்கள். பல்கலைக்கழகங்களும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.