ஜக்குல டெக்கீலா ஊத்தாதீங்க: வீட்டுல பலோமா கலக்குறது எப்படி?

(இது ஒலிப்பதிவின் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு கதையில ஆரம்பிக்குது. போன மே மாசம் எங்க வீட்டு மொட்டை மாடியில ஒரு சின்ன பார்ட்டி. ஆபீஸ் நண்பர்கள், காலேஜ் நண்பர்கள்னு எட்டு பேர். சாயங்காலம் ஆகியும் தரை சுட்டுக்கிட்டே இருந்துச்சு. ஹோஸ்ட்டும் நான்தான், பார்டெண்டரும் நான்தான். ரெண்டு லிட்டர் ஜக் ஒண்ணு எடுத்தேன். 750 மில்லி டெக்கீலா பாட்டிலை அப்படியே கவுத்தேன். மேல கிரேப்ஃப்ரூட் ஜூஸ், எலுமிச்சை, சர்க்கரைப் பாகு, சோடான்னு கண்ணளவுல ஊத்தி ஜக்கை நிரப்பினேன். ருசி பிரமாதம். எல்லாரும் பாராட்டினாங்க.

ஒரு மணி நேரத்துல காலேஜ் நண்பன் ஒருத்தன் மூணு டம்ளர் முடிச்சிருந்தான். மதியம் சரியா சாப்பிடவும் இல்ல. "கிளம்புறேன்டா"ன்னு எழுந்து பைக் சாவியைத் தேடினான். அப்பதான் அவனால நேரா நிக்க முடியலன்னு கவனிச்சோம். சாவியை வாங்கி வச்சுக்கிட்டு, அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுலயே படுக்க வச்சோம். காலையில எழுந்து அவன் சொன்னது ஒரே வரிதான்: "ஜூஸ் மாதிரிதானே மச்சான் இருந்துச்சு."

அந்த வரி என்னைக் கொஞ்சம் உலுக்கிடுச்சு. ஏன்னா அவன் அளவு தெரியாம குடிச்சான்னு சொல்ல முடியாது. அளவைச் சொல்ல வேண்டியது நான். எனக்கே தெரியல.

முதல்ல கணக்கு

காலையில காபியோட உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டெக்கீலா 40 சதவீதம்னு வச்சுக்கங்க. 750 மில்லியில 300 மில்லி சுத்தமான ஆல்கஹால். அது ரெண்டு லிட்டர் ஜக்குல கலந்தா 15 சதவீதம். சாதாரண பியர் 5 சதவீதம்தான். ஐஸ் போக ஒரு டம்ளருக்கு 200 மில்லி பிடிச்சா, அதுல 30 மில்லி ஆல்கஹால். எடைக்கு மாத்தினா கிட்டத்தட்ட 24 கிராம். மூணு டம்ளர்னா 71 கிராம்.

நம்ம உடம்பு சராசரியா மணிக்கு 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் கழிச்சுக் கட்டும். எலுமிச்சை ஜூஸ், கருப்பு காபி, குளியல் எதுவும் அந்த வேகத்தை மாத்தாது. அதாவது, அவன் ஒரு மணி நேரத்துல குடிச்சதை இறக்க உடம்புக்குக் குறைஞ்சது ஏழு மணி நேரம் வேணும்.

பழம் போட்ட காக்டெயிலோட சிக்கலே இதுதான். புளிப்பு, இனிப்பு, குளிர்ச்சி மூணும் சேர்ந்து ஆல்கஹாலோட காரத்தை மறைச்சிடும். நாக்கு தர வேண்டிய எச்சரிக்கை வராது. அப்போ அந்த எச்சரிக்கையை வேற யாராவது தரணும். அது கலக்குறவரோட வேலை. அதை எப்படி சுலபமா செய்றதுன்னுதான் இன்னைக்கு பேசப் போறோம். தமிழ்நாட்டுல மது வாங்க 21 வயசு ஆகணும். அதுக்குக் கீழ இருக்குறவங்க ஜூஸ் பகுதியை மட்டும் குறிச்சுக்கங்க, அதுவே நல்லா இருக்கும்.

பலோமான்னா என்ன?

டெக்கீலான்னு சொன்னாலே நமக்கு மார்கரீட்டாதான் ஞாபகம் வரும். ஆனா மெக்சிகோவுல வெயில் காலத்துல சர்வ சாதாரணமா குடிக்கிறது பலோமா. ஸ்பானிஷ்ல பலோமான்னா புறா. டெக்கீலா, கிரேப்ஃப்ரூட் சோடா, எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. அவ்வளவுதான். ஷேக்கர் வேண்டாம், கிளாஸ்லயே கலக்கலாம். சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தோட அதிகாரப்பூர்வ பட்டியல்லயும் இது இருக்கு: 50 மில்லி டெக்கீலாவுக்கு 100 மில்லி கிரேப்ஃப்ரூட் சோடா.

டெக்கீலா எதுல இருந்து வருது? நிறைய பேர் கள்ளின்னு நினைக்கிறாங்க. இல்ல. நீல அகாவேங்கிற செடி. நம்ம ஊர்ல வேலி ஓரத்துல முள்ளு முள்ளா நிக்குமே ஆனைக்கற்றாழை, அதுக்கு நெருங்கின சொந்தம். அது முதிர ஆறேழு வருஷம் ஆகும். இலைகளை வெட்டி எடுத்தா நடுவுல பெரிய அன்னாசி மாதிரி ஒரு கிழங்குப் பகுதி கிடைக்கும். அதை வேக வச்சு, நசுக்கி, நொதிக்க விட்டு, வடிச்சா டெக்கீலா. 1974-ல இருந்து இந்தப் பேருக்குப் பாதுகாப்பு இருக்கு. ஹலிஸ்கோ மாநிலமும், இன்னும் நாலு மாநிலங்கள்ல சில பகுதிகளும்தான் இந்தப் பேரைப் போட்டு விக்கலாம்.

பாட்டில் வாங்கும்போது ஒரே ஒரு விஷயம் பாருங்க: லேபிள்ல "100% அகாவே"ன்னு இருக்கா? இல்லைன்னா, நொதிக்க விட்ட சர்க்கரையில 49 சதவீதம் வரைக்கும் கரும்பு மாதிரி வேற இடத்துல இருந்து வந்திருக்கலாம். வகையில "பிளாங்கோ" போதும். மரப்பீப்பாய்ல வருஷக்கணக்கா வச்ச விலையுயர்ந்த டெக்கீலாவை ஜூஸ்ல கலக்குறது வீண்செலவு.

பழங்கள்: நமக்கு இருக்குற ஒரு வசதி

மெக்சிகோவுல இந்தப் பானத்துக்குப் பிழியிறது சின்ன, மெல்லிய தோல் எலுமிச்சை. நம்ம காய்கறிக் கடையில கிடைக்கிற எலுமிச்சையும் அதே இனம்தான். அதனால "லைம்"னு சமையல் குறிப்புல பார்த்து சூப்பர் மார்க்கெட்ல விலை கூடின பச்சைப் பழத்தைத் தேட வேண்டாம்.

கிரேப்ஃப்ரூட்தான் கொஞ்சம் தேடணும். பழம் கிடைக்கலன்னா, சர்க்கரை சேர்க்காத பேக் ஜூஸ் போதும். அதுவும் இல்லையா? பம்பளிமாஸ் எடுங்க. இது ஏதோ சமாளிப்பு இல்ல. 18-ம் நூற்றாண்டு வாக்குல கரீபியன்ல, பார்படோஸ் பக்கம், பம்பளிமாஸும் ஆரஞ்சும் தானா கலந்து பிறந்ததுதான் கிரேப்ஃப்ரூட். அதாவது பம்பளிமாஸ் அதோட பெத்த பழம். ஆனா கசப்பும் புளிப்பும் கம்மி. அதனால எலுமிச்சையைக் கொஞ்சம் கூட்டுங்க, சோடாவுக்குப் பதிலா பாதி டானிக் வாட்டர் ஊத்துங்க. டானிக்ல இருக்குற குயினைன் அந்தக் கசப்பைத் திருப்பிக் கொடுக்கும். டானிக்லயே சர்க்கரை இருக்கு, பாகைக் குறைச்சுக்கங்க.

உப்பு எதுக்கு? மாங்காய்க்கு எதுக்கு உப்பு தொட்டுக்குறோமோ, கிட்டத்தட்ட அதுக்குத்தான். உப்பு நாக்குல கசப்பை அமுக்கும். அப்போ பழத்தோட இனிப்பு மேல தெரியும். கிளாஸ் விளிம்புல ஒட்ட கல் உப்பை லேசா இடிச்சு வச்சுக்கங்க. பொடி உப்பு ஒட்டினா முதல் வாயே கரிக்கும். விளிம்புல பாதிக்கு மட்டும் ஒட்டுங்க. வேணும்கிறவங்க அந்தப் பக்கம் குடிப்பாங்க.

டிசைனை மாத்துவோம்

இப்ப முக்கியமான இடம். கோட் எழுதுறவங்களுக்கு இது பழகின விஷயம்: அடிக்கடி மாறக்கூடிய ஒண்ணை மத்ததோட சேர்த்துக் கட்டாதே, தனியா வை. ஆளுக்கு ஆள் மாற வேண்டியது டெக்கீலா மட்டும்தான். அதை ஏன் ஜக்குல பூட்டணும்?

அதனால விதி ஒண்ணே ஒண்ணு: ஜக்குல டெக்கீலா கிடையாது. ஜக்குல பழம் மட்டும். டெக்கீலா அளந்து, கிளாஸ்ல.

ஜக்குக்கு (எட்டு பேர், ஆளுக்கு ரெண்டு கிளாஸ்):

கிரேப்ஃப்ரூட் ஜூஸ் ஒரு லிட்டர்.
எலுமிச்சைச் சாறு 160 மில்லி. 12 முதல் 15 பழம் ஆகும்.
சர்க்கரைப் பாகு 200 மில்லி. சர்க்கரையும் தண்ணியும் சம அளவு, கரையிற வரைக்கும் சூடு பண்ணி ஆற வச்சது.
உப்பு அரை டீஸ்பூன்.

எல்லாத்தையும் கலக்கி, குறைஞ்சது ரெண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வைங்க. ஜூஸ் சில்லுன்னு இருந்தா ஐஸ் மெதுவா கரையும், பானம் நீர்த்துப் போகாது. எலுமிச்சையை அன்னைக்கே பிழியுங்க. முதல் நாள் சாறு மணம் போயிடும்.

கிளாஸுக்கு: 300 மில்லி டம்ளர், விளிம்புல பாதி உப்பு, டம்ளர் நிறைய பெரிய ஐஸ் கட்டி. 30 மில்லி டெக்கீலா, அதாவது ஒரு ஸ்மால் பெக், அளவுக் கப்பால அளந்து. ஜக்குல இருந்து 85 மில்லி. மேல 75 மில்லி சோடா. சோடா கடைசியாத்தான். ஜக்குல ஊத்தினா அரை மணி நேரத்துல கேஸ் போயிடும். ஒரே ஒரு சுத்து கலக்குங்க, போதும்.

பட்டியல் 50 மில்லி சொல்லுதே, நீ ஏன் 30 சொல்றேன்னு கேக்கலாம். ரெண்டு காரணம். ஒண்ணு, மே மாச மொட்டை மாடியில எல்லாரும் தாகத்துக்கும் சேர்த்துத்தான் குடிக்கிறாங்க. ரெண்டு, கணக்கு வாய்ப்பாடு மாதிரி மனசுல நிக்கும்: ஒரு கிளாஸ், சுமார் 10 கிராம், உடம்புக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல வேலை. ஐஸ் கரையிறதுக்கு முன்னாடி பானம் 6 சதவீதம்தான். என் பழைய ஜக்கு 15. ருசியில பெரிய வித்தியாசம் யாரும் சொல்லல. 16 கிளாஸுக்கு 480 மில்லிதான் ஆகும். பாட்டில்ல மிச்சம் இருக்கும், இருக்கட்டும். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணியும், முதல் கிளாஸுக்கு முன்னாடியே சுண்டலோ பஜ்ஜியோ தட்டுல வச்சுடுங்க. வெறும் வயித்துல ஆல்கஹால் வேகமா ஏறும்.

குடிக்காத நண்பருக்கும் இதுல ஒரு நல்லது இருக்கு. அவருக்குத் தனியா ஒரு கோலா டின்னை நீட்ட வேண்டாம். அதே ஜக், அதே கிளாஸ், அதே உப்பு. யாரும் "ஏன் குடிக்கல?"ன்னு கேக்கவே மாட்டாங்க.

ஒரு ஆய்வகத்துல நடந்த இதே கதை

கிரேப்ஃப்ரூட் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். கனடாவுல டேவிட் பெய்லிங்கிற மருந்தியல் ஆய்வாளர், ஃபெலோடிபின்ங்கிற ரத்த அழுத்த மருந்தோட ஆல்கஹால் சேர்ந்தா என்ன ஆகும்னு சோதிச்சாரு. எதுல ஆல்கஹால் இருக்குன்னு குடிக்கிறவங்களுக்குத் தெரியக் கூடாது. அதனால ருசியை மறைக்க கிரேப்ஃப்ரூட் ஜூஸ்ல கலந்து கொடுத்தாங்க. நம்ம ஜக்குல அது என்ன வேலை செஞ்சுதோ, அதே வேலை. முடிவு வந்தப்போ, ரத்தத்துல மருந்தோட அளவு எதிர்பார்த்ததை விட ரொம்ப அதிகம். காரணம் ஆல்கஹால் இல்ல, ஜூஸ். 1989-ல இது வெளியாச்சு.

கிரேப்ஃப்ரூட்ல இருக்குற ஃபுரானோகூமரின்ங்கிற பொருட்கள், குடல்ல மருந்தை உடைக்கிற ஒரு நொதியை முடக்கிடும். ஒரு கிளாஸ் போதும், விளைவு ஒரு நாளுக்கு மேலயும் நீடிக்கலாம். சில ரத்த அழுத்த மாத்திரை, சிம்வாஸ்டாட்டின் மாதிரி சில கொலஸ்ட்ரால் மாத்திரை, இன்னும் பல மருந்துகள் இந்தப் பட்டியல்ல வரும். பம்பளிமாஸும் இதே வேலை செய்யும். அதனால கவனிங்க: மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு டெக்கீலா இல்லாத ஜக்கும் பாதுகாப்புன்னு சொல்ல முடியாது. ஜக்குல "கிரேப்ஃப்ரூட் இருக்கு"ன்னு ஒரு சீட்டு ஒட்டுங்க. யாரும் தன் மாத்திரையைப் பத்தி சபையில சொல்ல வேண்டியிருக்காது. அவங்களுக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஜக் ஆரஞ்சு ஜூஸ். சந்தேகம்னா டாக்டரையோ மருந்தாளுநரையோ கேக்கச் சொல்லுங்க.

அதே குடும்பப் பொருட்கள் எலுமிச்சைத் தோல்லயும் இருக்கு. சாறு பட்ட கையோட வெயில்ல நின்னா தோல் கொப்புளிச்சு கருத்துப் போகலாம். பழத்தை வீட்டுக்குள்ள பிழிஞ்சு, சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு மாடிக்குப் போங்க.

கடைசியா, சாவி

இந்தியாவுல வண்டி ஓட்ட சட்டம் அனுமதிக்கிற எல்லை 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் ஆல்கஹால். 55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு, ஒரே ஒரு 30 மில்லி பெக்கே தோராயக் கணக்குல அந்த எல்லையைத் தொட்டுடும். அதனால "ஒண்ணுதானே"ங்கிற பேச்சே வேண்டாம். ஓட்டுறவங்களுக்கு ஜக் மட்டும். மத்தவங்க வரும்போதே சாவியை ஒரு டப்பாவுல போடட்டும், போகும்போது ஆட்டோ, கேப்.

இந்த வருஷம் மார்ச்லயே அதே எட்டு பேரும் மறுபடி வந்தாங்க. பழைய நண்பன்தான் அளவுக் கப்பைக் கையில வச்சுக்கிட்டு எல்லாருக்கும் ஊத்தினான். அவன் பைக்ல வந்திருந்தான், ஜக்குல இருந்து மூணு கிளாஸ் குடிச்சான், பத்து மணிக்கு வண்டியை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போனான். போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போட்டான்: "இன்னைக்கு நிஜமாவே ஜூஸ்தான் மச்சான்."

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். நிறைய தண்ணி குடிங்க.