முட்டையிடும் பேடுகளுக்குச் சுண்ணச்சத்து

பெல்மதுளைப் பகுதியில் நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரர் வீட்டின் பின்புறத்தில் பத்துப் பேடுகளை வளர்ப்பது எளிது. தவிடு, குருணல், தேங்காய்ப் புண்ணாக்கு, மரக்கறிக் கழிவு ஆகியன கையிலேயே உள்ளன. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் தீன் தட்டுப்பாட்டினால் இலங்கையின் சிறு கோழிப் பண்ணைகள் பல மூடப்பட்டன. 2023ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. வீட்டுப் பேடு இடும் முட்டையின் பெறுமதியை அக்காலம் நன்கு உணர்த்திற்று. அத்தகைய முட்டை ஓடு மெலிந்து கூட்டிலேயே உடைந்துபோவது வீண் நட்டமாகும். இந்நட்டத்தின் பெரும் பகுதியைச் சிறு செலவில் தவிர்க்கலாம்.

ஓடு உருவாகும் விதம்

60 கிராம் நிறையுள்ள முட்டையின் ஓடு ஏறத்தாழ 5 முதல் 6 கிராம் வரை இருக்கும். அதில் பெரும்பங்கு கல்சியம் காபனேற்று எனப்படும் சுண்ணப்பொருளே. எனவே, ஒரு முட்டைக்கென ஏறக்குறைய 2 கிராம் கல்சியத்தைப் பேடு தன் உடலிலிருந்து கொடுக்கின்றது. உண்ணும் கல்சியத்தில் பாதியளவே உடலிற் சேர்வதால், நாள்தோறும் முட்டையிடும் பேட்டுக்குத் தீனில் 4 கிராம் வரை தேவைப்படும். தவிட்டிலும் புண்ணாக்கிலும் உள்ள கல்சியம் இத்தேவைக்கு மிகவும் குறைந்தது.

ஓடு படிவதற்கு ஏறத்தாழ 20 மணி நேரம் செல்லும். அதன் பெரும்பகுதி பேடு தீன் உண்ணாது உறங்கும் இரவிலேயே நடைபெறுகின்றது. அப்பொழுது உணவுக்குழலிற் கல்சியம் இல்லையாயின், பேடு தன் எலும்பிலுள்ள சேமிப்பை எடுத்துச் செலவிடும். இது நாட்கணக்கில் நீடிப்பின், முதலில் ஓடு மெலியும். பின்னர் முட்டை குறையும். இறுதியில் எலும்பு நொய்ந்து, பேடு காலூன்றி நிற்கவும் வலுவற்றுப்போகும்.

மாலையில் கொடுத்தல்

மாவாகப் பொடித்த சுண்ணப்பொருள் விரைவிற் கரைந்து கழிந்துவிடும். 2 முதல் 4 மில்லிமீற்றர் வரையான துணுக்குகளோ அரைப்பையில் தங்கி, இரவு முழுவதும் சிறிது சிறிதாகக் கரையும். ஆகவே, இடித்த சிப்பி ஓட்டையோ சுண்ணக்கல் துணுக்கையோ தனிப் பாத்திரத்தில் இட்டு, பிற்பகலில் பேடுகளின் முன் வைப்பது நன்று. தேவையுள்ள பேடு தானாகவே கூடுதலாக உண்ணும். முட்டையிடாதது குறைவாக உண்ணும்.

வீட்டுத் தீனை மாத்திரம் உண்ணும் பத்துப் பேடுகளுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் வரை வேண்டும். கடையில் விற்கப்படும் முட்டைக்கோழித் தீனை முழுத் தீனாகக் கொடுப்போர் மேலதிகமாகச் சேர்க்க வேண்டுவதில்லை. அத்தீனுடன் சம அளவு தவிட்டைக் கலப்போர், கல்சியமும் பாதியாகக் குறைவதை நினைவிற்கொண்டு, 50 கிராம் அளவில் வைத்தல் வேண்டும்.

வீட்டில் உடைக்கும் முட்டைகளின் ஓடும் பயன்படும். அதனைக் கழுவி, வாணலியில் நன்கு வறுத்து, முட்டை ஓடென அடையாளம் தெரியாத அளவுக்கு நொறுக்கிக் கொடுக்க வேண்டும். பச்சையாகப் போட்டால் பேடுகள் முட்டையைக் கொத்திக் குடிக்கப் பழகிவிடும்.

டொலமைற்று வேண்டாம்

சப்பிரகமுவையின் கடும் மழை மண்ணின் சுண்ணச்சத்தைக் கழுவிச் செல்வதால் இங்கு நிலம் புளிப்புற்றிருக்கின்றது. அதனைத் திருத்துவதற்காகத் தேயிலைக் கவ்வாத்துக் காலத்தில் டொலமைற்று இடுவது வழக்கம். அவ்வாறு இட்டு எஞ்சிய சாக்கிலிருந்து ஒரு பிடியைக் கோழித்தீனில் கலக்கலாமெனச் சிலர் எண்ணக்கூடும். இது தகாது. தூய டொலமைற்றின் நிறையில் நூற்றுக்கு 22 பங்கு கல்சியமாயின், 13 பங்கு மகனீசியமாகும். தேயிலைக்கு அம்மகனீசியம் உணவு. பேட்டுக்கோ அது மிகையாகி எச்சத்தை நீர்க்கச் செய்து, ஓட்டையும் மெலியச் செய்யும். ஓட்டை உறுதிப்படுத்த இட்ட பொருளே அதனைக் கெடுத்துவிடும்.

வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பும் உதவாது. அது வாயையும் குடலையும் புண்ணாக்கும்.

இரத்தினபுரி மாவட்டத்தில் மாணிக்கக் குழிகளிற் கழுவி ஒதுக்கிய பருக்கைக் கல் ஏராளம். அது தானியத்தை அரைப்பதற்கு அரைப்பைக்குத் துணைசெய்யுமேயன்றிச் சுண்ணச்சத்தைத் தராது. துணுக்கின்மீது தேசிக்காய்ச் சாற்றை விட்டுப் பார்க்கலாம். சுண்ணப்பொருளாயின் நுரைக்கும், வெண்பருக்கைக் கல்லாயின் வாளாவிருக்கும். டொலமைற்றுத் தூளும் சிறிது நுரைக்குமாதலால், அதனைப் பிரித்தறிய இச்சோதனையை நம்பலாகாது; சாக்கின் பெயரைப் பார்த்தே அறிதல் வேண்டும்.

பிற உலோகச் சத்துக்கள்

தவிட்டில் பொசுபரசு மிகுதியாயினும், பெரும்பகுதி கோழியால் எளிதிற் செரிக்க முடியாத வடிவில் உள்ளது. தீனில் சிறிதளவு மீன்தூள் சேர்ப்பின் இக்குறை நீங்கும். உப்பு, கிலோகிராம் தீனுக்கு 3 கிராமுக்கு மேற்படலாகாது. கருவாட்டுக் கழிவு கொடுப்போர் தனியாக உப்பிடாதிருத்தல் நலம். மங்கனீசு, நாகம் ஆகியனவும் நுண்ணளவில் வேண்டும். கடைத் தீனில் இவை சேர்க்கப்பட்டிருக்கும். கல்சியம் உடலிற் சேர்வதற்கு விற்றமின் டி இன்றியமையாதது. அடைத்து வளர்க்காமல் நாள்தோறும் வெயிலில் உலாவவிட்ட பேடு அதனைத் தன் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும்.

எச்சரிக்கை

குஞ்சுகளுக்கும் இளம் பேடுகளுக்கும் சிப்பி ஓட்டை மிகுதியாகக் கொடுத்தால் சிறுநீரகம் பழுதடையும். முட்டையிடத் தொடங்குவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன்னரே அதனைத் தொடங்குதல் போதும். மெலிந்த ஓடு யாவும் சுண்ணக் குறைவினால் வருவதன்று. முதிர்ந்த வயதும், கடும் வெப்பமும், இராணிக்கெட் முதலிய நோய்களும் அதற்குக் காரணமாகும். பேடுகள் சோர்ந்து, மூச்சுத் திணறி, முட்டை திடீரெனக் குறையுமாயின், தாமதியாது அருகிலுள்ள அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும்.

நோயின்றியும் ஓடு மெலிந்திருக்குமாயின், இன்று பிற்பகலே ஒரு சிரட்டையில் இடித்த சிப்பி ஓட்டைக் கூட்டருகே வைத்துப் பாருங்கள். குறை அதுவேயாயின், சில நாட்களில் முட்டையைக் கையிலெடுக்கும்போதே வேறுபாடு தெரியும்.