வேகம் குறையும் இடங்கள்

கடலில் ஜெட் ஸ்கீ ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு வருகிறார்கள். எவ்வளவு வேகம் போகும்? நீச்சல் தெரியாவிட்டால் ஏறலாமா? இரண்டுக்கும் பதில் இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் வழிகாட்டியோடு போகிற பயணத்தில் நாம் கொடுக்கிற காசு, எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் நமக்கு முன்னால் போகிறாரே, அதற்குத்தான். டீயை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

ஓர் இடத்தை வைத்துப் பேசினால் புரிவது எளிது. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் தென்மேற்குக் கரையில் மார்கோ தீவு இருக்கிறது. பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்க்க டாம்பா பக்கம் போய்த் தங்குகிற நம் பெற்றோர்கள், ஒரு விடுமுறையில் காரிலேயே போய்விடக்கூடிய ஊர். அதற்குத் தெற்கே கரை ஒரே கோடாக ஓடாமல், சிறுசிறு பச்சைத் தீவுகளாகச் சிதறிக் கிடக்கிறது. 'பத்தாயிரம் தீவுகள்' என்று பெயர். எண்ணிப் பார்த்தால் சில நூறுதான் தேறும். ஆனால் தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி வாய்க்கால். பத்தாயிரம் என்றுதான் தோன்றும். வழிகாட்டி தேவைப்படுவதற்கு முதல் காரணமும் இதுவே. தனியாகப் போனால் திரும்பி வரும் வழி தெரியாது.

முதலில் வண்டியைப் பற்றி. ஜெட் ஸ்கீக்கு அடியில் வெளியே சுழலும் விசிறி கிடையாது. என்ஜின் அடிப்பக்கத்துத் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே இருக்கிற விசிறியால் அழுத்தி, பின்னால் ஒரு குழாய் வழியாகப் பீய்ச்சுகிறது. தோட்டத்துக் குழாயை முழுசாகத் திறந்தால் கையில் இருக்கிற ஹோஸ் பின்னால் உதைக்கிறதே, அந்த உதைதான் வண்டியை முன்னால் தள்ளுகிறது. கைப்பிடியைத் திருப்பினால் அந்தக் குழாயின் வாய் திரும்பும். தண்ணீர் ஒரு பக்கமாகப் பாய, வண்டி வளையும்.

இங்கேதான் புதிதாக ஓட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். எதிரே ஏதோ வருகிறது என்று பயந்ததும் நம் விரல் தானாக ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடும். விட்ட நொடியில் பீய்ச்சும் தண்ணீர் நின்றுபோகும். தண்ணீர் நின்றால் திருப்பும் சக்தியும் போச்சு. கைப்பிடியை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி வந்த வேகத்தில் நேராகவே சறுக்கிக்கொண்டு போகும். புது மாடல்கள் சிலவற்றில் இதைச் சமாளிக்க ஏற்பாடு இருக்கிறது, பிரேக்கும் உண்டு. வாடகைக்கு வருகிற வண்டியில் அது இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒன்றை மனதில் பதிய வையுங்கள்: விலக வேண்டுமானால் கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்துத்தான் திருப்ப வேண்டும். கிளம்புவதற்கு முன் வழிகாட்டியிடம் இதை ஒருமுறை செய்து காட்டச் சொல்லி, நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள். கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்லை.

நீச்சல் தெரியாதவர் ஏறலாமா? மிதவைச் சட்டை போடாமல் அங்கே யாரும் ஏற முடியாது, அது சட்டம். காற்றடைக்கிற வகையும் கூடாது, தானாகவே மிதக்கிற வகைதான் வேண்டும். மணிக்கட்டில் ஒரு சுருள் கயிறு மாட்டுவார்கள். விழுந்தால் அது பிடுங்கிக்கொண்டு என்ஜின் நின்றுவிடும், வண்டி உங்களை விட்டு ஓடாது. வண்டியே கவிழ்ந்தால் எந்தப் பக்கமாகப் புரட்டி நிமிர்த்த வேண்டும் என்று பின்புறம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், ஏறுவதும் பின்பக்கமாகத்தான். ஆகவே நீச்சல் தெரியாதது தடை இல்லை. தண்ணீரில் விழுந்ததும் திணறிப் பதறுகிற சுபாவம்தான் தடை. அப்படிப்பட்டவர் பின்னால் உட்கார்ந்து போகட்டும். இன்னொன்றை வாடகைக் கடைகளில் அழுத்திச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். பின்னால் உட்கார்ந்தவர் சறுக்கி அந்தத் தண்ணீர்ப் பீய்ச்சலுக்கு நேரே விழுந்தால் உடலுக்குள் தண்ணீர் பாய்ந்து மோசமான உள்காயம் ஏற்படலாம். வண்டி தயாரிக்கும் கம்பெனிகளே எச்சரிக்கை எழுதி ஒட்டி, தடித்த நீச்சல் கால்சட்டை அணியச் சொல்கின்றன. மெல்லிய நீச்சலுடையோடு பின்சீட்டில் உட்கார வேண்டாம். முக்கியமாகப் பெண்கள்.

வயதைப் பொறுத்தவரை, ஃப்ளோரிடாவில் ஓட்ட 14, வாடகைக்கு எடுக்க 18. 1988 ஜனவரி 1 அன்றோ அதன் பிறகோ பிறந்தவர்கள் படகுப் பாதுகாப்பு பற்றிய ஒரு சிறு தேர்வை முடித்திருக்க வேண்டும். கையில் அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். அவ்வளவுதான்.

இனி கடல். நடு வாய்க்காலில் வழிகாட்டி வேகமாகப் போவார், நீங்களும் இடைவெளி விட்டு வரிசையாகப் பின்னால் போகலாம். மணிக்கு 70, 80 கிலோமீட்டர் என்று வண்டி பறக்கும், ஆசை தீர ஓட்டுங்கள். பிறகு அவர் கையைத் தூக்குவார். தண்ணீருக்குள் நட்ட கம்பத்தில் ஒரு பலகை தெரியும்: இங்கிருந்து அலை எழாத வேகம். இந்தப் பலகைகள் பெரும்பாலும் கடற்பசுக்களுக்காக வைக்கப்பட்டவை.

நம் பாக் நீரிணையில் ஆவுளியா என்று மீனவர்கள் சொல்கிற கடற்பசு இருக்கிறதே, அதன் தூரத்துச் சொந்தம் அங்கே இருப்பது. ஆவுளியாவின் வால் டால்ஃபின் வால் மாதிரி பிளந்திருக்கும், அங்குள்ளதன் வால் வட்டத் துடுப்பு. இரண்டும் புல் மேய்கிற சாதுக்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைக்கு அப்பால் 448 சதுர கிலோமீட்டர் கடலை 2022இல் தமிழ்நாடு அரசு ஆவுளியாவுக்கென்று காப்பகமாக அறிவித்தது. ஃப்ளோரிடாவில் கடற்பசுவுக்கான தனிச் சட்டம் 1978இலேயே வந்துவிட்டது.

சுமார் மூன்று மீட்டர் நீளம், ஐந்நூறு கிலோவுக்குப் பக்கத்தில் எடை. ஆனாலும் நடந்து போகிற வேகத்தில்தான் நீந்தும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சு விட மேலே வரும், அப்போது மூக்கு நுனி மட்டும்தான் தெரியும். வேகப்படகு வருவதை உணர்ந்து ஆழத்துக்குப் போகலாம் என்றால் அந்த வாய்க்கால்களில் ஆழமே இல்லை. ஃப்ளோரிடாவில் வயது வந்த கடற்பசுக்களில் முதுகில் படகு வெட்டிய வடு இல்லாததைப் பார்ப்பது அரிது. ஆய்வாளர்கள் அந்த வடுக்களைப் படமெடுத்து வைத்துத்தான் இது இன்னது என்று அடையாளம் காண்கிறார்கள். இதைப் படித்த நாளிலிருந்து அந்தப் பலகைகளை என்னால் வெறும் போக்குவரத்துப் பலகையாகப் பார்க்க முடிவதில்லை.

ஜெட் ஸ்கீயில் வெளியே விசிறி இல்லை, அதனால் வெட்டாது, கடற்பசுவுக்கு ஆபத்தில்லை என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். வெட்டாது என்பது உண்மை. ஆனால் வெட்டுப்பட்டுச் சாவதைப் போலவே, மோதிய அடியில் விலா முறிந்து உள்ளே நொறுங்கிச் சாவதும் நிறைய. நானூறு கிலோ வண்டி முழு வேகத்தில் மோதினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நல்ல வழிகாட்டி பலகை வருமுன்பே வேகத்தைக் குறைப்பார், தண்ணீர்ப் பரப்பைப் படிப்பார். அலைகளுக்கு நடுவே எண்ணெய் ஊற்றியது போல வழவழப்பான வட்டங்கள் வரிசையாகத் தெரிந்தால், கீழே ஒரு கடற்பசு வாலை அசைத்துப் போகிறது என்று பொருள். அதைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தாரென்றால் கட்டணம் அங்கேயே கழிந்துவிட்டது.

டால்ஃபின்கள் வேறு ரகம். வண்டி போகும்போது பின்னால் எழுகிற அலையில் ஏறித் துள்ளி விளையாடும். அவை விரும்பி வந்து விளையாடினால் நேராக, சீரான வேகத்தில் போய்க்கொண்டிருங்கள். அதைவிட நல்ல காட்சி கிடையாது. சில இடங்களில் பயணிகளைச் சந்தோஷப்படுத்த, டால்ஃபின் கூட்டத்தைச் சுற்றிச் சுற்றி வட்டமடித்து அலை கிளப்பித் துள்ள வைக்கிற வழக்கம் இருக்கிறது. அதை நான் ஏற்பதில்லை. தாய்க்குப் பக்கத்தில் குட்டி நீந்திக்கொண்டிருக்கும். மீன் பிடித்துக்கொண்டிருக்கும் கூட்டமும் கலைந்துவிடும். கடல் பாலூட்டிகளைத் தொந்தரவு செய்வதைத் தடுக்கும் சட்டம் அங்கே 1972 முதல் இருக்கிறது, தீனி போடுவதும் கூடாது. 50 கெஜம், அதாவது ஏறக்குறைய 45 மீட்டர் தள்ளியே இருங்கள் என்பது அரசின் அறிவுரை. நாம் தள்ளி நிற்க, அவை நெருங்கி வந்தால் அது அவற்றின் விருப்பம்.

அடுத்து மரங்கள். எனக்கு இந்தப் பயணத்தில் மிகப் பிடித்த பகுதி இதுதான். பிச்சாவரத்தில் படகில் போனவர்களுக்கு அந்தக் காட்சி உடனே பிடிபடும்: தண்ணீருக்குள் வளைந்து வளைந்து இறங்கும் வேர்கள். நம் சுரபுன்னையும் அங்குள்ள சிவப்புக் கண்டலும் ஒரே இனக்குழு. அந்த மரத்தின் விதை கீழே விழுந்து முளைப்பதில்லை. மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைப் பிஞ்சின் நீளத்துக்கு வளர்ந்த பிறகு விழுகிறது. விழுந்தது சேற்றில் குத்தி நின்றால் அங்கேயே வேர் விடும். இல்லாவிட்டால் மாதக்கணக்கில் கடலில் மிதந்து திரியும். ஆளி என்கிறோமே, அந்தச் சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி வளர்ந்து வாய்க்கால் நடுவே மேடு போட்டிருக்கும். மிதந்து வந்த நாற்று அந்த மேட்டில் சிக்கும், நிமிரும், வேரை வளைத்து இறக்கும். வேருக்கு நடுவே சேறு படியும், இலை உதிர்ந்து மக்கும், இன்னும் நாலு நாற்று வந்து சிக்கும். பத்தாயிரம் தீவுகளில் பல இப்படித்தான் பிறந்தன. பாறைத் தீவல்ல, மலையல்ல. சிப்பியும் மரமும் சேர்ந்து கட்டிய நிலம்.

அந்த வேர்களுக்கு நடுவேதான் மீன் குஞ்சுகள் வளர்கின்றன, அதனால்தான் அங்கே அத்தனை பறவைகள். விராலடிப்பான் உயரத்தில் நின்று குறி பார்த்துக் காலை நீட்டிப் பாயும். பழுப்புக் கூழைக்கடா, நம் ஊர்க் கூழைக்கடா போல மிதந்தபடி மீனை அள்ளாது. மேலிருந்து தலைகீழாகக் கடலில் விழும். இளஞ்சிவப்புக் கரண்டிவாயனையும் பார்க்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால். மணல் திட்டுகளில் ஆலாக்கள் வெறும் மணலிலேயே முட்டையிடும். அருகில் போய் வண்டியை நிறுத்தினால் தாய்ப்பறவை எழும்பிவிடும். அந்த வெயிலில் சில நிமிடம் நிழல் இல்லாமல் கிடந்தால் முட்டை வெந்துபோகும். கயிறு கட்டிய திட்டில் ஏன் இறங்க விடுவதில்லை என்பதற்கு இதுதான் காரணம்.

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும். பெரிய படகு போக முடியாத ஆழமில்லாத இடத்துக்குள்ளும் ஜெட் ஸ்கீ நுழைந்துவிடும். அந்த வண்டியின் பெருமையே அதுதான். ஆனால் குஞ்சு மீனும் கடற்பசுவும் பறவையும் ஒதுங்கியிருப்பது அதே இடத்தில். அதனால்தான் பக்கத்திலேயே இருக்கும் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் ஜெட் ஸ்கீ அடியோடு தடை. பயணங்கள் எல்லாம் பூங்கா எல்லைக்கு வெளியே, மார்கோ தீவை ஒட்டிய நீரிலேயே நடக்கின்றன. அந்தத் தடை நியாயமானது என்பதே என் எண்ணம். ஆழமில்லாத இடத்துக்குள் கூட்டிப்போகிறேன் என்று ஆசை காட்டும் வழிகாட்டியைவிட, வாயிலிலேயே என்ஜினை அணைத்துவிட்டு இங்கிருந்தே பார்ப்போம் என்கிறவரை நம்புங்கள். தவிர, ஆழம் குறைந்த இடத்தில் வண்டி மணலையும் கடற்புல்லையும் உறிஞ்சி அடைத்துக்கொள்ளும். பழுதுக்கும் நீங்கள்தான் பணம் கட்ட வேண்டிவரும்.

மனிதர்கள் வாழ்ந்த தடமும் அங்கே உண்டு. கலூசா என்ற பழங்குடியினர் பயிரிடாமல், மீனையும் சிப்பியையும் நம்பியே பெரிய ஊர்களாக வாழ்ந்தார்கள். தின்று போட்ட சிப்பி ஓடுகளே மேடுகளாக நிற்கின்றன. 1896இல் ஃபிராங்க் ஹாமில்டன் குஷிங் என்ற ஆய்வாளர் மார்கோ தீவின் சேற்றைத் தோண்டியபோது, ஒரு சாண்கூட இல்லாத மரச் சிற்பம் ஒன்று கிடைத்தது. பாதி பூனை, பாதி மனிதன், மண்டியிட்ட கோலம். காற்றுப் புகாத சேறு மரத்தை மக்கவிடாமல் நூற்றாண்டுகள் காப்பாற்றி வைத்திருந்தது. அது இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சொத்து.

தெற்கே கேப் ரொமானோ பக்கம் முன்பெல்லாம் வழிகாட்டிகள் ஒரு விசித்திர வீட்டைக் காட்டுவார்கள். 1980களின் தொடக்கத்தில் தரையில் கட்டிய ஆறு வெள்ளைக் குவிமாடங்கள். கரை அரித்து அரித்து, வீடு கடலுக்குள் கால் ஊன்றி நின்றது. 2017இல் இர்மா புயல் கொஞ்சம் தின்றது, 2022இல் இயன் புயல் மிச்சத்தையும் மூழ்கடித்தது. பழைய படங்களைப் பார்த்துவிட்டு அதைத் தேடிப் போகிறவர்கள் ஏமாற வேண்டாம்.

எப்போது போவது? காலையில். மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்து தண்ணீர் குலுங்கும், முதுகுவலி உள்ளவர்களுக்கு அது தாங்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடிமழை கிட்டத்தட்ட அன்றாட வழக்கம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வானம் தெளிவு. ஆனால் குளிர் ஏறினால் கடற்பசுக்கள் வெதுவெதுப்பான நீர் தேடி உள்வாய்க்கால்களுக்குப் போய்விடும்; 20 டிகிரிக்குக் கீழே போன தண்ணீரை அவற்றின் உடம்பு தாங்காது. டால்ஃபின் எல்லா மாதமும் உண்டு. பதிவு செய்யும்போது அன்றைய ஓத நேரத்தையும் கேளுங்கள். வற்றம் அதிகமான வேளையில் சிப்பி மேடுகள் வெளியே தெரியும், பறவைகள் இரைதேடி இறங்கும், ஆனால் வண்டி போகிற வழி சுருங்கும். நீர் ஏறிய வேளையில் வழி அகலம், பறவைகள் கிளைகளில். இரண்டில் உங்களுக்கு எது வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் வழிகாட்டி அதற்கேற்ப நேரம் கொடுப்பார். இடி கேட்டு அவர் பாதியில் திரும்பச் சொன்னால் மறுபேச்சு வேண்டாம், மீதிப் பணத்தைக் கரையில் வந்து பேசிக்கொள்ளலாம்.