கப்பல் தேதி மாறலாம், ஷிப்டு மாறுமா?

“நீங்கள் பதிவு செய்த பயணத்தில் இடங்கள் நிரம்பிவிட்டன. வேறு தேதிக்கு மாறிக்கொள்ள விரும்பினால் உங்களுக்கு ஒரு சலுகை காத்திருக்கிறது.” சொகுசுக் கப்பலுக்குப் பணம் கட்டிவிட்டு நாள் எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால் முதலில் பயம் வரும், அடுத்து ஆசை வரும். கட்டிய பணம் போய்விடுமோ என்ற பயம். ஜன்னல்கூட இல்லாத கேபினுக்குப் பதில் பால்கனி கேபின் தருகிறார்களாமே என்ற ஆசை. இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் கடிதத்தில் ஒரே ஒரு சொல் இருக்கிறதா என்று பாருங்கள்: “விரும்பினால்”.

அந்தச் சொல் இருந்தால் கம்பெனி உங்களிடம் ஒன்று கேட்கிறது. உங்கள் இடம் அவர்களுக்கு வேண்டும். அதற்கு விலை பேசுகிறார்கள். மாட்டேன் என்று சொன்னாலும் உங்கள் பழைய பதிவு அப்படியே இருக்கும். அந்தச் சொல் இல்லாமல் “உங்கள் பயணம் மாற்றப்பட்டுள்ளது” என்று மட்டும் இருந்தால் அது சலுகை அல்ல, அறிவிப்பு. அதற்கு வேறு பதில் உண்டு, பிறகு வருகிறேன்.

தாம்பரத்தைத் தாண்டியிருக்கும் எங்கள் படப்பையில் யார் கப்பலில் போகிறார்கள் என்று கேட்பவர்கள் இந்தப் பக்கம் வந்து பல வருடம் ஆகியிருக்க வேண்டும். 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பலை முதல்வர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்ததிலிருந்து, கப்பல் பயணம் என்பது தாம்பரம் வரை பஸ், அங்கிருந்து பீச் ஸ்டேஷனுக்கு மின்சார ரயில் என்கிற தூரத்துக்கு வந்துவிட்டது. அடுத்த ஆண்டு ஜூனில் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போனது. சிங்கப்பூர் போய் அங்கே கப்பல் ஏறுவதென்றால் விமான நிலையம் நமக்குத் துறைமுகத்தைவிடக் கிட்ட.

கப்பலில் எப்படி இடத்துக்கு மேல் ஆள் சேர்ந்துவிடுகிறது? பஸ்ஸில் சீட்டு எண்ணுவதுபோல இங்கே எண்ண முடியாது. ஒரு கேபினுக்கு இரண்டு பேர் என்று வைத்துத்தான் நூறு சதவீதம் என்பார்கள். குழந்தைகளோடு வரும் குடும்பம் அதே கேபினில் மூன்றாவது, நான்காவது ஆளாகப் படுத்துக்கொள்ளும். அதனால் கப்பல் நூறைத் தாண்டியும் நிரம்பும். ஆனால் மொத்த ஆள்கணக்குக்கு உயிர்காப்புப் படகுகள் வரம்பு கட்டுகின்றன. விடுமுறைக் காலத்தில் குடும்பங்கள் அதிகம் வரும்போது, கேபின் காலியாக இருந்தும் ஆளை ஏற்ற முடியாமல் போகலாம். இதுபோக, இத்தனை பேர் கடைசியில் ரத்து செய்வார்கள் என்று கணக்குப் போட்டுக் கூடுதலாக விற்பதும் உண்டு. கணக்குத் தப்பினால் மின்னஞ்சல் வரும். இன்னொரு காரணமும் இருக்கிறது: ஏதாவது ஒரு பெரிய கம்பெனி டீலர் மீட்டுக்காகக் கப்பலையே மொத்தமாகப் பேசிக்கொள்வது. யார் கண்டது, காலையில் ஒரகடத்தில் நீங்கள் எந்த ஆலையின் கேட்டுக்குள் போகிறீர்களோ அந்தக் கம்பெனியே உங்கள் கப்பலைப் பேசியிருக்கலாம்.

சரி, என்ன தருகிறார்கள்? பெரும்பாலும் நான்கைந்து வடிவங்கள்தான்: மேல்தரக் கேபின், கட்டணத்தில் ஒரு பங்கு திரும்ப, கப்பலுக்குள் செலவழிக்க ஒரு தொகை, அடுத்த பயணத்துக்கான வரவு, விமான டிக்கெட் மாற்றும் செலவில் ஒரு வரம்பு வரை. இதில் கைக்கு வரும் பணத்தையும் பணம்போலத் தெரிவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கப்பலுக்குள் செலவழிக்கத் தரும் தொகை, அதாவது ஆன்போர்டு கிரெடிட், கோயில் திருவிழாக் கடையில் கொடுக்கும் டோக்கன் மாதிரி. அங்கேயே செலவாக வேண்டும், இறங்கும்போது மிச்சம் இருந்தால் பெரும்பாலும் போனதுதான். அடுத்த பயணத்துக்கான வரவு இன்னும் மோசம்: அதற்குக் காலாவதித் தேதி இருக்கும், பலவற்றை வேறு ஆளுக்கு மாற்ற முடியாது, பயன்படுத்த வேண்டுமென்றால் கையிலிருந்து இன்னும் பணம் போட வேண்டும். வங்கிக் கணக்கில் வந்து விழும் பத்தாயிரமும் கப்பலில் வரவு வைக்கும் பத்தாயிரமும் ஒன்றல்ல. என் கணக்கில் இரண்டாவதைப் பாதிக்கு மேல் மதிக்க மாட்டேன்.

கேபின் உயர்வை மட்டும் குறைத்துச் சொல்ல மாட்டேன். பச்சைக் குழந்தையோ வயதான அம்மாவோ கூட வந்தால், கதவைத் திறந்தால் கடல் என்பது நிஜமான வசதி. மூன்று நாளும் மேல்தளத்திலேயே சுற்றப் போகிற நான்கு நண்பர்களுக்கு அது படுக்கை மட்டும்தான்.

கம்பெனி தருவதன் மதிப்பு இவ்வளவு. நீங்கள் கொடுப்பதன் மதிப்பு என்ன? இதைத்தான் பலர் கணக்கிடுவதில்லை. நீங்கள் கொடுப்பது ஒரு தேதி. மாதச் சம்பளத்தில் ஆபீஸ் வேலை பார்ப்பவருக்குத் தேதி சல்லிசாக இருக்கலாம். இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ வல்லத்திலோ ஆலை லைனில் நிற்பவருக்கு அப்படியில்லை. 20 நாள் வேலை செய்தால் 1 நாள் சம்பளத்துடன் விடுப்பு என்பது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் முதல் இருக்கிற கணக்கு. நான்கு நாள் பயணம் என்றால் எண்பது நாள் வேலையில் சேர்த்த விடுப்பு. அதையும் வேண்டிய நாளில் கொடுத்துவிடுவதில்லை. ஆலை ஷட்டவுன் எப்போது, கூட வேலை செய்பவர் யார் ஷிப்டு மாற்றிக்கொள்வார், சூப்பர்வைசர் எந்த வாரம் கையெழுத்துப் போடுவார் என்று பார்த்துப் பார்த்து வாங்கிய நான்கு நாள் அது. கணவனும் மனைவியும் வேறு வேறு கம்பெனி என்றால் இரண்டு ஷிப்டும் சேர்ந்து ஒத்துவர வேண்டும்.

ஆகவே முதல் கணக்கு எளிது. புதுத் தேதியில் லீவு கிடைக்காமல் சம்பளம் வெட்டு விழுந்தால் எவ்வளவு? அட்டெண்டன்ஸ் போனஸ் போகுமா? அதைத் தாளில் எழுதி, கம்பெனி தரும் கைக்காசின் பக்கத்தில் வையுங்கள். பலருக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

லீவு கிடைத்தாலும், புதுத் தேதியை வானத்தோடும் ஒப்பிட வேண்டும். மும்பைப் பக்கம் ஓடும் எம்ப்ரஸ் கப்பல் ஜூன் வாக்கில் ஏன் சென்னைக்கு வந்தது? தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும்; அப்போது வங்கக்கடல் கரை ஒப்பிடுகையில் பரவாயில்லை. அக்டோபருக்குப் பிறகு இது தலைகீழ். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, பருவமழை காரணமாகச் சில நாளிலேயே நின்றுபோனது. மீண்டும் ஓடியது 2024 ஆகஸ்டில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையும் புறநகரும் எப்படிக் கிடந்தன என்று முடிச்சூர், வரதராஜபுரம்காரர்களைக் கேளுங்கள். சென்னையிலிருந்து ஜூலையில் கிளம்பும் பயணத்தை நவம்பருக்கு மாற்றச் சொன்னால், சலுகை இரட்டிப்பாக இருந்தாலும் நான் யோசிப்பேன்.

சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு முடிச்சு. விமான டிக்கெட் மலிவு வகை என்றால் தேதி மாற்றும் கட்டணமும் புது நாளின் விலை வித்தியாசமும் சேர்ந்து பழைய டிக்கெட் விலையையே தொட்டுவிடும். கம்பெனி தரும் விமானச் செலவு வரம்பு அதற்குக் காணுமா என்று பாருங்கள். விசா புதுத் தேதிக்கும் செல்லுமா, கப்பல் வேறு நாட்டைத் தொட்டுவிட்டு வந்தால் மறுபடி சிங்கப்பூருக்குள் நுழைய அனுமதி உண்டா என்றும் பார்க்க வேண்டும். பயணக் காப்பீட்டின் தேதிகளையும் மாற்ற வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறப்பது.

இத்தனையும் பார்த்த பிறகும் மாறலாம் என்று தோன்றினால், உடனே சரி சொல்லிவிடாதீர்கள். தேவையான இடங்கள் கிடைத்ததும் சலுகையை மூடிவிடுவார்கள் என்பது உண்மை. அதற்காக ஒரு ராத்திரி கூட யோசிக்கக் கூடாது என்றில்லை. இது பேரம். கிரெடிட்டாகத் தருவதைப் பணமாகத் தர முடியுமா, விமான மாற்றுச் செலவு முழுவதையும் ஏற்பார்களா என்று கேட்பதில் குறைந்துபோவது ஒன்றுமில்லை. இன்னொரு கேள்வி மிக முக்கியம்: புதுத் தேதிக்கு மாறிய பின் என்னால் போக முடியாமல் போனால் ரத்துக் கட்டணம் எப்படி? பயண நாள் நெருங்க நெருங்க ரத்துக் கட்டணம் ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் முழுப் பணமும் போகும் என்பதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். மாறிய பதிவுக்குப் பணம் திரும்பவே திரும்பாது என்ற நிபந்தனை சலுகைக்குள் ஒளிந்திருந்தால், மேல்தரக் கேபின் ஒரு பூட்டாகிவிடும்.

இனி, “விரும்பினால்” இல்லாத கடிதம். டிஸ்னியின் ‘டிஸ்னி அட்வென்ச்சர்’ கப்பல் 2025 டிசம்பர் 15 அன்று சிங்கப்பூரிலிருந்து முதல் பயணம் கிளம்ப வேண்டியது. கட்டுமானத் தாமதத்தால் அது 2026 மார்ச் 10-க்குத் தள்ளிப்போனது. நடுவிலிருந்த பயணங்களுக்குப் பதிவு செய்தவர்களை யாரும் விருப்பம் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, கப்பலே தயாரில்லை. அரையாண்டு விடுமுறையை நம்பிப் போட்ட திட்டம் மார்ச்சுக்குப் போனால், பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் அது பயணமே அல்ல. இப்படிப்பட்ட மாற்றத்தில் மேல்தரக் கேபின் பற்றிப் பேசுவதற்கு முன் முழுப் பணத்தையும் திரும்பக் கேளுங்கள். வெளிநாட்டுத் தொகுப்புக்கு டி.சி.எஸ். (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடித்திருந்தால் அதற்கும் கணக்குக் கேளுங்கள்.

தேதி மாறாமல் ஊர் மாறுவதும் உண்டு. 2022 ஜூனில் எம்ப்ரஸ் விசாகப்பட்டினம் போய்விட்டுப் புதுச்சேரிக்கு வர வேண்டும் என்பது திட்டம். கப்பலில் சூதாட்டம் இருக்கிறது என்று எதிர்ப்புக் கிளம்பியது, புதுச்சேரி அரசு அனுமதி தரவில்லை, கப்பல் அந்த ஊரைத் தொடாமலே திரும்பியது. துறைமுகத்தை விட்டுவிடக் கம்பெனிக்கு உரிமை உண்டு என்ற வரி ஏறக்குறைய எல்லாக் கப்பல் ஒப்பந்தத்திலும் இருக்கும். ஆகவே குறிப்பிட்ட ஓர் ஊரைப் பார்ப்பதற்காக மட்டும் தேதியை மாற்றாதீர்கள்.

பணம் திரும்பவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனியின் தலைமையகம் எங்கிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்தின் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இங்கே அலுவலகமே இல்லாத வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து தீர்ப்புப் பணத்தை வாங்குவது பெரும்பாடு. உள்ளூர் ஏஜென்ட் மூலம் ரசீதோடு பதிவு செய்தவருக்கு அங்கே பிடிமானம் கொஞ்சம் அதிகம்.

சரி என்று முடிவெடுத்தால் அதை போனில் சொல்லி விடாதீர்கள். ஏஜென்ட் “பேசிட்டேன் சார், ஆயிடும்” என்பார். அவரே நல்லவராகவும் இருப்பார். புதுத் தேதி, கேபின் வகை, திரும்ப வரும் தொகை, அது வரும் நாள், ரத்து விதி எல்லாம் எழுத்தில் வந்து, புதுப் பதிவு எண்ணும் கைக்கு வந்த பிறகு விமான டிக்கெட்டை மாற்றுங்கள். சூப்பர்வைசரிடம் பழைய லீவைத் திருப்பிக் கொடுப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்.