கூட யார் வர்றாங்க?

கல்லூரி மைதானத்தில் விசிலோடு நிற்கும் ஒரு பெண் பயிற்சியாளர் டெல்டாவுக்கு ஏன் வேண்டும்? கத்தக்குறிச்சி சாந்தியின் வாழ்க்கை சொல்லும் பதில்.

ஒன்பதாம் வகுப்பில், வட்டார அளவிலான 200 மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தேன். அடுத்தது மாவட்டப் போட்டி. தஞ்சாவூரில் ஒரு ராத்திரி தங்க வேண்டும். வீட்டில் சொன்னதும் அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "கூட டீச்சரம்மா யாராச்சும் வர்றாங்களாடி?"

எங்கள் பள்ளியில் இருந்தது ஒரே ஒரு பி.டி. சார். நல்ல மனிதர். ஆனால், அம்மாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பெரியம்மா மகளிடம் இரவல் வாங்கியிருந்த கேன்வாஸ் ஷூவை அன்று சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

அம்மா மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. வெளியூரில் பிள்ளைக்கு வயிற்றுவலி வந்தால் யாரிடம் சொல்லும்? மாதவிடாய் நாளில் போட்டி வந்தால் ஓடலாமா, வேண்டாமா என்று யாரைக் கேட்கும்? அரைக்கால் டவுசர் போட்டு ஓடக் கூச்சப்படும் பிள்ளையின் தோளைத் தொட்டு, 'ஒண்ணும் இல்லடா, ஓடு' என்று யார் சொல்வார்? திருவையாற்றிலும் திருத்துறைப்பூண்டியிலும் ஒரு பெண்ணின் விளையாட்டு வாழ்க்கை பெரும்பாலும் முடிந்துபோவது இந்த இடத்தில்தான். மைதானத்தில் தோற்று முடிவதில்லை, வீட்டு வாசலிலேயே முடிந்துவிடுகிறது.

அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டுதான் ஓட்ட வீராங்கனை சாந்தி சௌந்தரராஜனின் கதையை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

தாத்தா வாங்கித் தந்த ஷூ

புதுக்கோட்டை மாவட்டம், கத்தக்குறிச்சி. காவிரிப் பாசனம் முடிந்து மானாவாரி பூமி தொடங்கும் பக்கம். 1981-ல் அங்கே பிறந்தவர் சாந்தி. அப்பா, அம்மா இருவருக்கும் செங்கல் சூளையில் வேலை. ஐந்து பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். ஓடக் கற்றுக்கொடுத்தவர் தாத்தா. ஊருக்கு வெளியே மண் தரையில் பேத்தியை ஓடவிட்டுப் பார்த்தவர், அவளுக்கு ஷூவும் வாங்கித் தந்தார். சாந்தியின் முதல் பயிற்சியாளர் அவர்தான்.

இரண்டாவது ஆள், பக்கத்து உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர். ஓடுகிற பிள்ளையைக் கண்டுகொண்டு தங்கள் பள்ளிக்கு அழைத்துக்கொண்டார்கள். கட்டணம், சீருடை, மதியச் சாப்பாடு எல்லாம் பள்ளியின் பொறுப்பு. மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடுவது அதற்குப் பிறகுதான் அந்தப் பிள்ளைக்கு வாய்த்தது. பள்ளி முடிந்ததும் விளையாட்டு உதவித்தொகையில் கலைக் கல்லூரி. இப்படி ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் கூட வந்திருக்கிறார். அதனால்தான் சூளையிலிருந்து ஓட்டப்பாதைக்கு ஒரு வழி கிடைத்தது.

அவருடைய ஈவென்ட் 800 மீட்டர். பெண்களுக்கு இது எளிதில் கிடைத்த ஓட்டம் இல்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முதலாக நடத்தினார்கள். பெண்களின் உடம்பு இதைத் தாங்காது என்று சொல்லி அதோடு நிறுத்திவிட்டார்கள். மறுபடி நடத்த 1960 ரோம் ஒலிம்பிக் வரவேண்டியிருந்தது. அந்த ஓட்டத்தில் 2005 இன்சியான் ஆசியத் தடகளப் போட்டியில் சாந்திக்கு வெள்ளி. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2 நிமிடம் 3.16 விநாடி, மறுபடியும் வெள்ளி.

அதன் பிறகு நடந்ததைத் தமிழ்நாடே அறியும். பாலினப் பரிசோதனை ஒன்றில் தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். எல்லா வீராங்கனைகளுக்கும் கட்டாயப் பரிசோதனை என்ற முறையை உலகத் தடகளச் சம்மேளனம் 1992-லேயே கைவிட்டிருந்தது. ஒலிம்பிக் குழுவும் 1999-ல் கைவிட்டது. ஆனால், சந்தேகம் வந்தால் பரிசோதிக்கும் அதிகாரத்தை மட்டும் விடவில்லை. மருத்துவ அறைக்குள் முடிந்திருக்க வேண்டிய ஓர் அந்தரங்க விஷயம் நாடு முழுக்கத் தலைப்புச் செய்தியானது. இந்திய அமைப்புகள் அவருக்காக மேல்முறையீட்டுக்குப் போகவில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2014-ல் ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை தூத்தி சந்துக்கு அதே நிலை வந்தது. இந்த முறை இந்திய விளையாட்டு ஆணையம் அவர் பக்கம் நின்றது. ஆய்வாளர் பயோஷ்னி மித்ரா கூடவே இருந்தார். வழக்கு சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் வரை போனது. 2015-ல் தீர்ப்பு தூத்திக்குச் சாதகமாக வந்தது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவர் இரண்டு வெள்ளி வாங்கினார். இரண்டு பெண்களின் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், என் அம்மாவின் கேள்விதான் நடுவே நிற்கிறது. தூத்தியின் கூட ஆள் இருந்தது. சாந்தி தனியாக ஊர் திரும்பினார்.

சூளையும் ஸ்டாப் வாட்சும்

ஊர் திரும்பிய சாந்திக்கு அன்றைய முதல்வர் கருணாநிதி 15 லட்சம் ரூபாயும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் கொடுத்தார். அந்தப் பணத்தில் பெரும்பகுதியைப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கவே செலவழித்தார் சாந்தி. 2009-ல் அவரிடம் 68 பேர் பயிற்சி பெற்றார்கள். சென்னை மாரத்தானில் முதல் இடமும் மூன்றாம் இடமும் அவருடைய மாணவர்களுக்கு வந்தன. பதக்கம் பறிபோய் மூன்று ஆண்டுகூட முழுதாக முடியாத நேரம் அது. வேறொருவராக இருந்தால் ஓட்டப்பாதை இருக்கும் திசையையே வெறுத்திருப்பார்.

ஆனால், அவருக்குக் கிடைத்த பயிற்சியாளர் வேலை தற்காலிகமானது. சம்பளமும் குடும்பத்துக்குப் போதவில்லை. 2012-ல் நாளொன்றுக்கு 200 ரூபாய் கூலிக்கு அவர் செங்கல் சூளையில் வேலை பார்ப்பதாகச் செய்தி வந்தது. எந்தச் சூளையிலிருந்து ஓடி வந்தாரோ, அதே வேலைக்கே திரும்பியிருந்தார். செய்தியைப் பார்த்த நாடு பதறியது. அதன் பிறகுதான் பெங்களூருவில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் (சாய்) பயிற்சியாளர் டிப்ளமோவுக்கு வழி பிறந்தது. 2013-ல் சேர்ந்து, படித்து முடித்து, 'என்.ஐ.எஸ். கோச்' என்ற தகுதியோடு காவிரிக் கரைக்கு வந்தார். ஒப்பந்த அடிப்படையில் வேலை, மயிலாடுதுறை சாய் பயிற்சி மையத்தில்.

அந்த மையத்தின் மைதானம் இருக்கும் ராஜன் தோட்டம் என்று சொன்னால் மயிலாடுதுறையில் எல்லோருக்கும் தெரியும். காலை வெளிச்சம் வருவதற்குள் அங்கே நடைப்பயிற்சிக்காரர்களும் ஓட்டக்காரப் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். ஒரு 800 மீட்டர் கோச் அங்கே என்ன செய்கிறார்? தள்ளி நின்று பார்ப்பவருக்கு விசில் ஊதுவதும் வாட்சைப் பார்ப்பதும்தான் தெரியும். உண்மையில் அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். 2 நிமிடம் 3 விநாடியில் முடிக்க வேண்டும் என்றால், முதல் சுற்றை 60 விநாடியில் கடந்த பெண்ணுக்கு இரண்டாவது சுற்றுக்கு 63 விநாடிதான் மிச்சம். வேகத்தில் மயங்கி முதல் சுற்றை 57-ல் ஓடிவிட்டால், கடைசி நூறு மீட்டரில் கால் கல்லாகிவிடும்.

500 மீட்டர் தாண்டியதும் கோச்சின் கண் வாட்சை விட்டுவிட்டு ஓடுகிறவளின் தோளுக்குப் போகும். தோள் காதுப் பக்கம் ஏறத் தொடங்கினால் உடம்பு இறுகுகிறது என்று அர்த்தம். 'கையைத் தளர்த்து' என்று அந்த நொடியில் குரல் கொடுக்க வேண்டும். இரண்டு விநாடி தாமதித்தால் சொல்லிப் பயனில்லை. எந்தப் பிள்ளைக்குத் தோள் எந்த மீட்டரில் ஏறும் என்பது டிப்ளமோ புத்தகத்தில் இருக்காது. அந்தப் பிள்ளையை இரண்டு மூன்று வருஷமாவது தினமும் பார்த்திருந்தால்தான் தெரியும்.

இந்த இடத்தில்தான் 'ஒப்பந்த அடிப்படை' என்ற சொல் உறுத்துகிறது. பன்னிரண்டு வயதில் மைதானத்துக்கு வரும் பிள்ளை, தேசிய அளவுக்கு வர ஏழெட்டு வருஷம் ஆகும். அவளைப் பார்த்துக்கொள்கிற கோச்சுக்கோ அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்பதே தெரியாது. பதக்கம் பறிபோய்ப் பத்தாண்டுகள் ஓடிய பிறகே தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் சாந்திக்கு நிரந்தரப் பயிற்சியாளர் பணி கிடைத்தது. அந்தப் பத்தாண்டுகளில் அவருடைய கண்ணில் படாமலே போன பிள்ளைகளை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இருபது பட்டம், இரண்டு பேர்

பயிற்சியாளர் ஒரே இடத்தில் நிலைத்து நின்றால் என்ன ஆகும் என்பதற்கு, கடல் கடந்து ஓர் உதாரணம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பெண்கள் டென்னிஸ் அணி, 1982 முதல் 2019 வரை 20 தேசியப் பட்டங்களை வென்றது. அத்தனைக்கும் தலைமைப் பயிற்சியாளர்கள் இரண்டே பேர். ஃபிராங்க் பிரென்னன் பத்து, அவருக்குப் பின் வந்த லெலே ஃபரூட் பத்து.

லெலே அதே பல்கலைக்கழகத்தில் படித்து, அதே அணியில் ஆடியவர். பிறகு பல ஆண்டுகள் பிரென்னனுக்குத் துணைப் பயிற்சியாளராக இருந்தார். 2000-ல் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். மறு வருஷமே முதல் பட்டம். மாணவியாக மிதித்த மைதானத்தில் தலைமைப் பயிற்சியாளராக நிற்க ஒரு பெண்ணுக்கு அங்கே படிக்கட்டு இருந்தது. அதைக் கட்டியதில் 1972-ல் வந்த ஒரு சட்டத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அரசுப் பணம் வாங்கும் கல்வி நிறுவனம் பெண் என்பதற்காக யாரையும் ஒதுக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். அதன் பிறகுதான் கல்லூரிகளில் பெண்கள் அணிகள் பெருகின, உதவித்தொகை வந்தது.

அங்கேயும் எல்லாம் சரியாக இல்லை. சட்டம் வந்தபோது பெண்கள் அணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெண்களே பயிற்சியாளர்கள். சம்பளம் கூடி, பதவிக்கு மதிப்பும் வந்ததும் ஆண்கள் அந்த இடங்களுக்கு வந்தார்கள். 2014-ல் பெண் பயிற்சியாளர்கள் பாதிக்கும் குறைவு. பதவியை உண்டாக்கினால் மட்டும் போதாது, அதில் பெண்கள் வந்து அமர்வதையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை நாம் அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.

டென்னிஸ் நமக்கு அந்நியமும் இல்லை. கோவையிலிருந்து போன நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் முதல் சுற்றை வென்றார். இன்று கலிஃபோர்னியாவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அவரைப் போன்றவர்கள் ஊரிலேயே சொல்லிக்கொடுக்க ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறோமா?

டெல்டா செய்ய வேண்டியது

உடற்கல்விப் பயிற்சியில் நமக்கு நூறாண்டுப் பழக்கம் உண்டு. சென்னையில் ஹாரி பக் 1920-ல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஆசியாவின் முன்னோடி. ஆனாலும் நம் கல்லூரிகளில் 'உடற்கல்வி இயக்குநர்' என்ற ஒரே ஆள்தான் கபடிக்கும் பார்க்க வேண்டும், கோ-கோவுக்கும் பார்க்க வேண்டும், வாலிபால், ஓட்டம், சுதந்திர தின அணிவகுப்பு எல்லாவற்றுக்கும் பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான பெண்கள் படிக்கும் இடத்தில் ஒருவரால் யாருடைய தோளைக் கவனிக்க முடியும்?

இதில் ஏன் அவசரம் என்பதை நெல்லை வைத்தே பேசுவோம். குறுவை நான்கு மாதத்தில் கைக்கு வந்துவிடும். அதனால் ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்குமா என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். தண்ணீர் வராத வருஷம் குறுவையை விட்டுவிட்டுச் சம்பாவுக்குக் காத்திருப்போம். ஒரு வீராங்கனைக்கு அப்படி அடுத்த பருவம் கிடையாது. பதினாறு வயதில் பார்க்கத் தவறிய ஆளை இருபதில் பார்த்துப் பயனில்லை.

அதனால் கேட்பது இதுதான். தஞ்சையின் குந்தவை நாச்சியார் அரசு மகளிர் கல்லூரி தொடங்கி, டெல்டாவில் பெண்கள் படிக்கும் ஒவ்வொரு கல்லூரியிலும் ஏதாவது ஒரு விளையாட்டுக்காவது முழுநேரப் பெண் பயிற்சியாளர் வேண்டும். அது கபடியாக இருக்கட்டும், ஓட்டமாக இருக்கட்டும், டென்னிஸாக இருக்கட்டும். வேலை நிரந்தரமாக இருக்க வேண்டும். அவருக்குக் கீழே ஒரு துணைப் பயிற்சியாளர், அதே கல்லூரியில் ஆடிய பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது அவருடைய பயணப்படி கல்லூரிச் செலவில் இருக்க வேண்டும். இவ்வளவும் சேர்ந்தாலும் ஒரு கட்டடம் கட்டும் காசு ஆகாது.

சாந்தியின் கூடத் தாத்தா வந்தார், ஒரு பள்ளி ஆசிரியர் வந்தார். தோஹாவுக்குப் பிறகு யாரும் வரவில்லை. இருந்தும், கையில் விசிலை எடுத்துக்கொண்டு மற்றப் பிள்ளைகளின் கூட அவர் போனார். ராஜன் தோட்டத்து மண்ணில் அவர் நின்ற நாட்களில், ஏதோ ஒரு வீட்டில் ஒரு தாய் அடுப்படியிலிருந்து அதே கேள்வியைக் கேட்டிருப்பார். என்னால் சொல்ல முடியாத பதிலை அந்த மகளால் சொல்ல முடிந்திருக்கும்: "சாந்தி அக்கா வர்றாங்கம்மா."