சதுரம் சதுரமாய் ஒரு போர்வை



லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்தவர்கள் நாம். தோட்டத்தை விட்டு வந்தபின், பாயான் லெப்பாஸ் அடுக்குமாடிகளில் ஆளுக்கொரு கதவைச் சாத்திக்கொண்டோம். பேச ஆளில்லை என்று ஏங்குகிறீர்களா? ஒரு குரோஷா ஊசியை எடுங்கள்.

2016 ஜனவரி 31-இல் சென்னையில் நடந்தது தெரியுமா? பல ஊர்ப் பெண்கள் அவரவர் வீட்டில் பின்னிய சதுரங்களை ஒன்றாகச் சேர்த்தார்கள். 11,148.5 சதுர மீட்டர் போர்வை! கின்னஸ் சாதனை!

நாமும் தொடங்கலாம். கம்பளி நூலில் நான்கு சங்கிலி போட்டு வளையமாக்குங்கள். அதற்குள் மும்மூன்று தூண் பின்னலாக நான்கு கொத்து. கொத்துக்குக் கொத்து மூலைக்காக இரண்டு சங்கிலி. சுற்றுக்குச் சுற்று நிறத்தை மாற்றுங்கள். மீந்த நூலே போதும்.

ஒன்றை மறவாதீர்கள். ஒருவர் கை இறுக்கம், இன்னொருவர் கை தளர்வு. ஒரே கனத்து நூல், ஒரே அளவு ஊசி எடுத்து, ரூலரால் அளந்து பாருங்கள். இல்லையேல் இணைக்கும்போது சுருங்கும்.

எங்கள் மாடியில் ஐந்து பேர் சேர்ந்தோம். முதல் போர்வை, தனியே வாழும் முன்னாள் பால்மரத் தொழிலாளியான ஒரு பாட்டிக்கு. போர்த்தியதும் அவர் கேட்டார்: “நாளைக்கும் வருவீங்களா?”

கதவைத் தட்டுங்கள், சகோதரிகளே!