மாதிரி எடுப்பதில்தான் இருக்கிறது வழக்கு

ஜூன், ஜூலையில் பங்காருபாளையம் மண்டியில் கிளிமூக்கு மாங்காய் குவியும். சித்தூர் மாவட்டத்து மாங்கூழ் ஆலைகளுக்கும் அதுதான் சீசன். தோலும் சதையும் கலந்த கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஓடையில் விட்டால், அது அழுகி, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும்; மீன் சாகும், ஊர் நாறும். சித்தூரின் நீவா ஆறுதான் பொன்னையாகப் பாலாற்றில் சேர்கிறது என்பதால், வேலூர்க்காரர்களுக்கும் இதில் அக்கறை உண்டு.

1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, ஆலை கழிவுநீர் விட ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். மீறினால் 33ஏ பிரிவின்கீழ் ஆலையை மூடச் சொல்லலாம், மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லலாம். டெல்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழு தொடர்ந்த வழக்கில் 2025 ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: உரிய விதிகளை வகுத்துக்கொண்டு, கெடுத்த சூழலைச் சீர்செய்வதற்கான தொகையையும் வாரியங்களே வசூலிக்கலாம்.

இவ்வளவு அதிகாரம் இருந்தும் வழக்குகள் ஏன் தோற்கின்றன? பல சமயம் மாதிரி எடுத்த விதத்தால்தான். 21-ஆம் பிரிவைப் படித்தால் புரியும். மாதிரி எடுக்கும் அதிகாரி ஆலைக்காரருக்கு அங்கேயே அறிவிப்புக் கொடுத்து, அவர் முன்னிலையில் நீரை இரண்டாகப் பிரித்து, முத்திரை வைத்து, இருவரும் கையெழுத்திட்டு, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இதில் பிசகினால் ஆய்வு முடிவைக் கோர்ட் சாட்சியமாக ஏற்காது. நாம் பாட்டிலில் பிடித்துவரும் கறுப்புத் தண்ணீர் செய்திக்குப் படமாகலாம். தண்டனை வாங்கித் தருவது கடினம். எனவே நீர் ஓடும் நேரத்திலேயே எழுத்தில் புகார் கொடுத்து, 21-ஆம் பிரிவுப்படி மாதிரி எடுக்கக் கேளுங்கள். புகாருக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

வாரியம் அசையவில்லையா? 49-ஆம் பிரிவின்கீழ் யாரும் 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தாமே புகார் செய்யலாம். பொதுநலனுக்கு எதிரானது என்று வாரியம் கருதினாலொழிய, கேட்டால் தன்னிடமுள்ள அறிக்கைகளைத் தந்தாக வேண்டும். இந்த உரிமையைப் பயன்படுத்துவோர் அபூர்வம்.

இன்னொரு வழியும் உண்டு: சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு ஆந்திராவுக்கும் சேர்த்துத்தான். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். கிணறும் பயிரும் கெட்டதற்கு இழப்பீடு கேட்க 5 ஆண்டு அவகாசம். மற்ற வழக்குகளுக்கு, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம், தக்க காரணம் இருந்தால் கூடுதலாக 60 நாள். கலெக்டரிடம் கொடுத்த மனு அந்தக் கெடுவை நீட்டாது.